'கணக்கே வராத வேலை' தேடும் குன்னூர்த் தம்பிக்கு

இந்த வாரக் கடிதம் நீலகிரியிலிருந்து. எழுதியவருக்கு 23 வயது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் ஒரு சிற்றூர். அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் பக்கம் வேலை. பிளஸ் டூவில் கணிதம் இல்லாத அறிவியல் பிரிவு எடுத்து, பிறகு விலங்கியலில் பி.எஸ்சி. முடித்திருக்கிறார். இப்போது ஒரு ரெசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

"எண்களைப் பார்த்தாலே உள்ளங்கை வியர்க்கிறது, மேடம். வாய்ப்பாடு தப்பினால் ஸ்கேலால் அடிக்கிற வாத்தியாரிடம் படித்தேன். கல்லூரி விடுமுறையில் கொழுந்து எடை எழுதப் போனபோது ஒரு அக்காவின் 83 கிலோவை 38 என்று எழுதிவிட்டேன். அவர் சத்தம் போட்டதும் மறுநாள் போகவே இல்லை. சுகாதாரம், சேஃப்டி துறையில் கணக்கே கிடையாது, சுற்றிப் பார்த்து ரிப்போர்ட் எழுதினால் போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதில் போகலாமா?"

நான்கு வழிகளை அவரே எழுதியிருக்கிறார். கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம் ஒரே மாதத்தில் 'சேஃப்டி ஆபீசர் டிப்ளமோ' தருகிறதாம். கட்டணம் 65,000 ரூபாய், வளைகுடாவில் வேலை உறுதி, சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, ஒருநாள் பயிற்சிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அரசின் உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆவது. மூன்றாவது, சுகாதார ஆய்வாளர் படிப்பு. நான்காவது, இருக்கிற ரெசார்ட்டிலேயே 'ஹைஜீன் இன்சார்ஜ்' பொறுப்பு: மாதம் 2,000 ரூபாய் கூடுதல், ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறாராம் மேனேஜர்.

தம்பி, உங்கள் நண்பர்கள் சொன்னதில் பாதிதான் உண்மை. இந்தத் துறையில் எண் வரும், தினமும் வரும். ஆனால் பள்ளியில் உங்களை மிரட்டிய எண் வேறு, இது வேறு. இங்கே யாரும் உங்களைக் கரும்பலகைக்கு முன் நிறுத்தி வழிக்கணக்கு போடச் சொல்லப் போவதில்லை. ஒரு கருவி காட்டுவதைப் படிக்க வேண்டும், அது எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பார்த்ததை அப்படியே எழுத வேண்டும்.

எண் எங்கே வரும்

நீங்கள் வேலை பார்க்கும் ரெசார்ட்டின் சமையலறையையே எடுத்துக்கொள்வோம். குளிரில் வைக்கும் சாப்பாடு 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். சூடாக வைப்பது 60 டிகிரி அல்லது அதற்கு மேலே. இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமி வேகமாகப் பெருகும். இதில் கூட்டல் கழித்தல் எங்கே இருக்கிறது? சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்பதும் பச்சை எரிந்தால் போவதும் போலத்தான்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 92, 93-லேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று உங்கள் அம்மா சொல்வதற்குக் காரணம் இதுதான். சமவெளியிலிருந்து வரும் சமையல்காரர் 'இருபது நிமிஷம் கொதிச்சாச்சு' என்று அடுப்பை அணைத்தால், இறைச்சியின் உள்ளே வெந்திருக்கும் என்று நம்ப முடியாது. நிமிடத்தை எண்ணாமல் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்க்கச் சொல்வதுதான் ஹைஜீன் ஆளின் வேலை. குடிநீரை ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும் என்பதும் சமவெளிக்கான விதி. 6,500 அடிக்கு மேலே மூன்று நிமிடம் வேண்டும்.

அடுத்தது மருந்தளவு. 1,000 லிட்டர் தண்ணீருக்குத் தரமான பிளீச்சிங் பவுடர் சுமார் 2.5 கிராம் என்பது பொதுக்கணக்கு. 20,000 லிட்டர் தொட்டி என்றால் 50 கிராம். இந்தப் பெருக்கலை வாழ்நாளில் ஒரே ஒருமுறை போட்டு, இன்னொருவரை விட்டுச் சரிபார்த்து, தொட்டிச் சுவரில் பெயின்ட்டால் எழுதிவிடலாம். தொட்டி நாளைக்குப் பெரிதாகிவிடாது. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி இருந்துவிடவும் முடியாது. நம் மலையின் ஈரத்தில் திறந்து கிடக்கும் பிளீச்சிங் பவுடர் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். அதனால் போட்டுக் கலக்கி, அரைமணி முதல் ஒருமணி நேரம் விட்டு, குழாய்த் தண்ணீரில் சோதனைத் திரவம் சில சொட்டு விட்டு நிறத்தைப் பார்க்க வேண்டும். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். அந்த 0.2 என்பது கருவியில் வெளிர்மஞ்சளாகத் தெரியும். உங்களுக்கு எண் வராமலிருக்கலாம். படுக்கை விரிப்பில் டீக்கறை எது, துருக்கறை எது என்று பிரித்துப் பார்க்கிற கண்ணுக்கு இந்த மஞ்சள் தெரியாமல் போகாது.

மூன்றாவது, சதவீதம். சுகாதார ஆய்வாளர் ஆனால் கொசுப்புழு உள்ள வீடுகளின் சதவீதத்தை எழுத வேண்டியிருக்கும். 60 வீடு பார்த்து 3 வீட்டில் புழு இருந்தால் 5. அதைக் கைபேசி சொல்லும். கவிழ்த்து வைக்காத டயரையும், மூடாத டிரம்மையும், அந்த வீட்டுப் பாட்டியிடம் கோபப்படாமல் பேசிக் கவிழ்க்க வைப்பதையும் கைபேசி செய்யாது.

எண்ணே இல்லாத ஆபத்துகளும் உண்டு. குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ வைத்துத் தூங்கி, எழுந்திருக்காமலே போனவர்களைப் பற்றிய செய்தியை மலையில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. 'கேம்ப் ஃபயர் தணலை ரூமுக்குக் கொண்டு வா' என்று கேட்கும் விருந்தாளியிடம் முடியாது என்று சொல்ல ஒருவர் வேண்டும். சேஃப்டி என்பதில் பெரும்பகுதி இந்த 'முடியாது'தான். மீந்த சாப்பாட்டைப் பூட்டிய தொட்டியில் போட வைப்பதும் அப்படித்தான். பூட்டாவிட்டால் கரடி வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. ஆலோசகராவதற்கு முன் நான் சமையலறைத் தணிக்கை செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் மாலை ஓரிடத்தில் குளிர்பெட்டிப் பதிவேட்டைத் திறந்தால் மறுநாள் காலைக்கான வெப்பநிலையும் எழுதியிருந்தது. எல்லாக் கட்டத்திலும் 4, 4, 4. பெட்டிக்குள் தெர்மாமீட்டரே இல்லை. அதை எழுதியவர் கணக்கில் புலி. ஸ்டோர் கணக்கை விரல்நுனியில் வைத்திருந்தார். எண்ணைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கும் இதே ஆசை வரும்: பார்க்காமலே பாதுகாப்பான ஒரு எண்ணைப் போட்டுவிட்டுப் போவது. உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, 83-ஐ 38 என்று எழுதியதை ஒளிக்காமல் சொன்னது. தவறாக எழுதியதை அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறவர் இந்த வேலைக்கு ஆவார். அழகாக 4, 4, 4 எழுதுகிறவர் ஆக மாட்டார்.

அந்த 83 விஷயம்

இலக்கம் மாறி எழுதுவது உலகம் முழுக்க நடக்கிற தவறு. கணக்குப்பிள்ளைகளிடம் இதற்கென்றே ஒரு தந்திரம் உண்டு: இரண்டு இலக்கம் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 83-லிருந்து 38 போனால் 45. பார்த்தீர்களா! உங்களுக்கு மட்டும் வந்த கோளாறாக இருந்தால் இப்படி ஒரு தந்திரமே பிறந்திருக்காது.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணக்கு பிடிக்காமலிருப்பது, கணக்கைக் கண்டு பயப்படுவது, எண்கள் உண்மையிலேயே மனதில் நிலைக்காமலிருப்பது ஆகிய மூன்றும் ஒன்றல்ல. மணி பார்ப்பது, சில்லறை எண்ணுவது, தொலைபேசி எண்ணைப் பார்த்து எழுதுவது என்று எல்லாவற்றிலும் சின்ன வயதிலிருந்தே தடுமாற்றம் இருந்தால், அது டிஸ்கால்குலியா என்கிற கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அப்படிச் சந்தேகம் இருந்தால் மருத்துவ உளவியலாளர் ஒருவரைப் பாருங்கள். கடிதத்தை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் 'வியர்க்கிறது', 'ஸ்கேல்' என்ற உங்கள் சொற்களைப் பார்த்தால், பயத்தின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

ஒரு மாத டிப்ளமோ வேண்டாம்

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. தொழிற்சாலையில் சட்டப்படி நியமிக்கப்படும் பாதுகாப்பு அலுவலருக்குப் பொதுவாகக் கேட்பது பொறியியல் பட்டமோ, இயற்பியல் அல்லது வேதியியல் பட்டமோ. அதற்கு மேல் மேற்பார்வை அனுபவம். அதற்கும் மேல் அரசு அங்கீகரித்த தொழில்பாதுகாப்பு டிப்ளமோ. தொழிலாளர்கள் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. அது ஒன்றில் மட்டும் உங்களுக்குக் குறையில்லை. விலங்கியல் பட்டத்தோடு ஒரு மாதச் சான்றிதழைச் சேர்த்தால் அந்தப் பதவி வராது. கட்டுமான இடத்தில் உதவி மேற்பார்வையாளர் வேலை ஏதாவது கிடைக்கலாம். அதை அவர்கள் 'ஆபீசர்' என்று சொல்லி விற்கிறார்கள்.

அப்புறம், மலையில் அந்தப் பதவி எத்தனை இருக்கும் என்றும் யோசியுங்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 1,000 தொழிலாளர் உள்ள இடத்துக்குத்தான் பாதுகாப்பு அலுவலரைக் கட்டாயமாக்கியது. 2020-ஆம் ஆண்டின் தொழில்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதை 500-ஆகவும், ஆபத்தான செய்முறை உள்ள இடத்துக்கு 250-ஆகவும் குறைத்திருக்கிறது. உங்கள் அப்பா வேலை செய்வது போன்ற தேயிலைத் தொழிற்சாலையில் எத்தனை பேர் என்று அவரிடமே கேளுங்கள்.

வளைகுடா வேலை உறுதி என்பதற்கு வருவோம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்டுகள் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணை வாங்கி, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். அவர்கள் வாங்கும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயையும் அதன் மீதான ஜிஎஸ்டியையும் தாண்டக் கூடாது. அசல் சான்றிதழ்களை எவரிடமும் விட்டு வராதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், கையோடு எடுத்து வந்துவிடுங்கள். முன்பணம் ஏதாவது ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்திக்கொண்டு, நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தவறாக வழிநடத்தும் விளம்பரத்தின் மீது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுக்க முடியும்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு நான் அதிகம் எழுதப் போவதில்லை. உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், உயிரித் தொழில்நுட்பம், வேளாண்மை, கால்நடை மருத்துவம், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பட்டங்கள், வேதியியல் முதுகலை, மருத்துவப் பட்டம் என்று விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் விலங்கியல் இல்லை. ஒருநாள் பயிற்சி அந்தக் கதவைத் திறக்காது. அதற்காக அந்தப் பயிற்சியை ஒதுக்கிவிடாதீர்கள். ஃபாஸ்டாக் (FoSTaC) என்று பெயர். உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. ஹோட்டலும் ரெசார்ட்டும் நிறைந்த ஊரில் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. செலவை ரெசார்ட்டையே ஏற்கச் சொல்லுங்கள்.

மேனேஜர் நீட்டும் படிவம்

இது நல்ல வாய்ப்புதான். ஆனால் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வேலைப் பொறுப்பு ஆணை என்றால் சரி. 'படிவம் 9' என்று தலைப்பு இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு நிறுவனம் தன் சார்பில் பொறுப்பேற்கும் ஆளை நியமிக்கும் படிவம் அது. குற்றம் நடந்தால் சட்டம் முதலில் தேடி வருவது அதில் பெயர் உள்ளவரைத்தான். பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் தண்டனை ஆயுள் சிறை வரை போகும். 2,000 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளும் சுமையா இது?

முழுக்க மறுக்கவும் வேண்டாம். மேனேஜரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "சார், பொறுப்பை எடுத்துக்கிறேன். கெட்டுப்போனதைத் தூக்கிப்போடவும் கிச்சனை நிறுத்தச் சொல்லவும் எனக்கு அதிகாரம் உண்டா? தெர்மாமீட்டர், சோதனைக் கிட் வாங்கித் தருவீங்களா? இதை எழுத்துல தர முடியுமா?" ஆமாம் என்று எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். அதிகாரம் இல்லாமல் பொறுப்பை மட்டும் தருகிறார் என்றால், அவர் தேடுவது ஹைஜீன் இன்சார்ஜை அல்ல, பழியைச் சுமக்க ஓர் ஆளை.

சுகாதார ஆய்வாளர் படிப்பு

நான்கில் உங்களுக்கு நீண்ட காலத்துக்கு ஒத்து வருவது இதுதான் என்று நினைக்கிறேன். பிளஸ் டூவில் உயிரியல், அல்லது தாவரவியலும் விலங்கியலும் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் தமிழ் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். அதற்குமேல் இரண்டாண்டுப் பல்நோக்குச் சுகாதாரப் பணியாளர் படிப்பு. திண்டுக்கல் மாவட்டத்தில் காந்திகிராமத்தில் உள்ள ஊரகச் சுகாதார நிறுவனம் இதற்குப் பெயர் பெற்றது. தனியாரிடம் சேர்வதாக இருந்தால், முடிவில் வரும் சான்றிதழ் பொது சுகாதாரத் துறை இயக்குநர் வழங்குவதுதானா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இல்லையென்றால் அரசு வேலைக்கு அது செல்லாக்காசு.

வேலை எப்படி இருக்கும்? காய்ச்சல் வந்த வீட்டைத் தேடிப் போவது, குடிநீர்த் தொட்டியில் குளோரின் பார்ப்பது, டீக்கடைச் சுற்றுப்புறம், பள்ளி வாசலில் புகையிலை. நம் மாநிலத்துப் பொது சுகாதாரச் சட்டம் 1939-ஆம் ஆண்டிலேயே வந்தது. அந்த அதிகாரத்தோடு ஒரு வீட்டு வாசலில் நிற்கும்போது, பிரிவு எண்ணைவிட நீங்கள் பேசும் விதம்தான் வேலையை நடத்தும். படுக மொழி கொஞ்சம் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், அது பெரிய பலம்.

சங்கடமான பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆளெடுப்பு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக நடக்கிறது. படித்து முடித்த அடுத்த மாதமே அறிவிப்பு வந்துவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. தமிழ்த் தகுதித் தேர்வு உண்டு, போட்டியும் அதிகம். இரண்டு ஆண்டு சம்பளம் இல்லாமல் வீடு தாங்குமா என்பதை நீங்களும் அப்பாவும்தான் உட்கார்ந்து பேச வேண்டும். தாங்காது என்றால், ரெசார்ட் பொறுப்பில் ஓராண்டு இருந்து பணம் சேர்த்துவிட்டு அடுத்த கல்வியாண்டில் சேருங்கள். 24 வயது ஒன்றும் காலம் கடந்ததல்ல.

இடையில் இன்னும் இரண்டு இடங்களை எட்டிப் பாருங்கள். ஒன்று மருத்துவமனை. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி மருத்துவக் கழிவு நிறத்தால்தான் பிரிகிறது: ரத்தம் தோய்ந்த பஞ்சும் துணியும் மஞ்சளில், குழாயும் கையுறையும் சிவப்பில், ஊசி, பிளேடு போன்றவை வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில். நினைவில் வைக்க வேண்டிய ஒரே எண் 48: சுத்திகரிக்காத கழிவை அத்தனை மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இரண்டாவது உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. தேயிலையில் எந்த மருந்தை அடிக்கலாம் என்பதற்குத் தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பு இருக்கிறது. மருந்தடிப்பவர் கையுறையும் முகக்கவசமும் போட்டாரா, மருந்தடித்த தோட்டத்தில் அம்மாவைப் போன்றவர்கள் எத்தனை நாள் கழித்துக் கொழுந்து பறிக்கிறார்கள் என்று பார்க்கிற களப்பணியாளர்கள் சில தொழிற்சாலைகளுக்குத் தேவைப்படுகிறார்கள். சம்பளம் பெரிதில்லை. அப்பாவிடம் சொல்லி விசாரிக்கலாம்.

முடிவெடுப்பதற்கு முன் பதினைந்து நாள் ஒன்று செய்து பாருங்கள். ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டு. காலையும் மாலையும் ரெசார்ட் குளிர்பெட்டியைப் பார்த்து எழுதுங்கள். எழுதியதும் எண்ணை வாய்விட்டுச் சொல்லி, கருவியை இன்னொரு தரம் பாருங்கள். முப்பது தடவை எழுதியதில் எத்தனை தடவை இலக்கம் மாறியது, எத்தனை தடவை நீங்களே கண்டுபிடித்துத் திருத்தினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு, உளவியலாளரைப் பார்ப்பது அவசியமா என்று பேசுவோம்.

கடைசியில் பொடி எழுத்தில் ஒன்று கேட்டிருந்தீர்கள். எடை எழுதப் போன வேலையை விட்டதற்கு 'பஸ் சரியில்லை' என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறீர்கள், இப்போது உண்மையைச் சொல்லலாமா என்று. சொல்லுங்கள். அந்த அக்காவுக்கு 45 கிலோவுக்கான பணம் பிறகு வந்து சேர்ந்ததா என்றும் அப்படியே விசாரித்துவிடுங்கள்.